மரம் நடும் நாளுக்கு முன்னும் பின்னும்: சிங்கப்பூரின் குன்றுக் காடுகளை மீட்கும் பணிக்கு வருபவர்களுக்கு

மரம் நடும் நாள் என்று அறிவித்தால் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடுகின்றன. அலுவலகக் குழுக்கள், பள்ளிக் குழுக்கள், தாத்தா பாட்டியோடு வரும் குடும்பங்கள் என்று எல்லாரும் வருவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், போய்விடுவார்கள். களை எடுக்கும் நாளுக்கு அந்தக் கூட்டம் வருவதில்லை. சீரழிந்த ஒரு காடு திரும்பி எழுமா என்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது நாளில்தான் தீர்மானமாகிறது. ஆகவே இந்த வழிகாட்டி களை எடுப்பவர்களைச் சேர்க்கும் ஆசையோடு எழுதப்படுகிறது. மரம் நடுவதும் இதில் வரும், கொஞ்சம் தாமதமாக.

சிங்கப்பூரின் மிக உயரமான குன்றான புக்கிட் தீமா கடல் மட்டத்திலிருந்து சுமார் 164 மீட்டர்தான். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வளர்ந்தவர்கள் இதையெல்லாம் மலை என்பதா என்று கேட்பார்கள். உயரத்தில் இது சிறியதுதான். ஆனால் முகடு, சரிவு, ஓடை, காற்று வாங்கும் பக்கம், ஈரம் தங்கும் பள்ளம் என்று மலைக் காட்டுக்கு வேண்டிய எல்லாம் இங்கே உண்டு. சரிவில் மண் பிடிமானம் இழந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆயிரம் மீட்டர் தேவையில்லை.

முதலில் வெறுங்கையோடு நடந்து பாருங்கள்

எதிலும் பெயர் பதிவதற்கு முன் ஒரு காலைப் பொழுதை நடப்பதற்கு ஒதுக்குங்கள். பியூட்டி வோர்ல்ட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி ஹிண்ட்ஹீட் டிரைவ் வழியாகப் போனால் புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியின் வருகையாளர் நிலையம் வந்துவிடும். அங்கிருந்து உச்சிக்குத் தார்ச்சாலை உண்டு, செங்குத்தாக மூச்சு வாங்க வைக்கும். உச்சியைத் தொடுவதில் அவசரம் வேண்டாம். முகட்டுப் பகுதியில் மற்ற மரங்களுக்கு மேலே தலை நீட்டி, சாம்பல் பூசியதுபோன்ற இலைக்கூட்டத்தோடு நிற்கும் செராயா மரங்களைப் பாருங்கள். தரை இருட்டாக இருக்கும், இலைச் சருகு காலடியில் மெத்தென்று அமுங்கும், கொடிகள் தொடைப் பருமனில் தொங்கும்.

பிறகு டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவுக்கோ, 2022ல் திறக்கப்பட்ட ரைஃபிள் ரேஞ்ச் இயற்கைப் பூங்காவுக்கோ இறங்கி வாருங்கள். அங்கே வெளிச்சம் தரைவரை விழும் இடங்கள் உண்டு. பழைய ரப்பர் மரங்கள் தெரியும். குடை விரித்ததுபோல் உயர்ந்த அல்பீசியாக்கள் தெரியும். மரங்களையும் செடிகளையும் ஒரே போர்வையாக மூடிய கொடிகள் தெரியும். இரண்டும் பச்சைதான், ஆனால் ஒன்று முதிர்காடு, மற்றொன்று ஆறாத காயம். இந்த வேறுபாடு கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டால் மீதிப் பாடம் எளிது.

எப்படிக் கெட்டது என்று தெரிந்தால்தான் எதைச் செய்வது என்று தெரியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தீவின் பெரும்பகுதிக் காடு காம்பியர், மிளகுத் தோட்டங்களுக்காக வெட்டப்பட்டது. காம்பியர் என்பது நம் வெற்றிலைப் பெட்டியில் இருந்த அதே கத்தக்காம்புதான். தோல் பதனிடவும் சாயத்துக்கும் ஏற்றுமதி ஆனது. அதன் இலையை வேகவைத்துச் சாறு இறக்க ஓயாமல் விறகு வேண்டும். விறகுக்குப் பக்கத்துக் காடு பலியானது. பதினைந்து, இருபது ஆண்டுகளில் மண் களைத்துவிடும். தோட்டக்காரர்கள் அதை அப்படியே கைவிட்டு அடுத்த காட்டுக்கு நகர்வார்கள். 1880களில் தாவரவியல் பூங்காவின் பொறுப்பில் இருந்த நதானியேல் கேன்ட்லி காடுகளின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதிய பிறகே வனக் காப்பகங்கள் ஒதுக்கப்பட்டன. புக்கிட் தீமா அவற்றில் ஒன்று. பின்னர் ரப்பர் வந்தது, கிராமங்கள் வந்தன, குன்றின் விலாவில் கருங்கல் குவாரிகள் தோண்டப்பட்டன. 1980களில் புக்கிட் தீமா விரைவுச்சாலை குன்றை மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து துண்டித்தது. 2013ல் கட்டப்பட்ட 62 மீட்டர் நீளமுள்ள விலங்குப் பாலம் அந்த வெட்டைத் தைக்கும் முயற்சி.

இதனால் இன்று உங்கள் கைக்கு வரும் நிலம் மூன்று விதமாக இருக்கும். ஒன்று, தோட்டப் பயிர் உறிஞ்சி எடுத்த மண். புளிப்பேறிப் போயிருக்கும், பிஎச் அளவு 4க்கும் கீழே இறங்கியிருப்பதும் உண்டு. இதில் தியூப் தியூப் மரமும் ரெசாம் பெரணியும் அடர்ந்து நிற்கும். இத்தகைய புதர்க்காட்டை மலாய்ச் சொல்லால் பெலுக்கார் என்கிறார்கள். கெண்ட் ரிட்ஜ் பூங்காவில் நல்ல உதாரணம் இருக்கிறது. நூறு ஆண்டு கடந்தும் இத்தகைய நிலத்தில் முதிர்காட்டின் வளம் முழுதாகத் திரும்புவதில்லை. இரண்டாவது, பழைய ரப்பர்த் தோட்டமும் கிராமமும் இருந்த நிலம். மண் இங்கே அவ்வளவு மோசமில்லை, அந்நியச் செடிகள்தான் தொல்லை. மூன்றாவது, காட்டின் ஓரங்களும் குவாரி விளிம்புகளும். வெயிலும் காற்றும் பக்கவாட்டில் புகுந்து உள்ளே இருக்கும் மரங்களையும் உலர்த்திவிடும்.

மூன்றுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. பெலுக்காரில் ஏற்கெனவே நிற்கும் மரங்களின் நிழலில் முதிர்காட்டு இனங்களை ஊன்ற வேண்டும். ரப்பர் நிலத்தில் களையோடு போராட வேண்டும். ஓரங்களில் வேகமாக வளரும் உள்ளூர் இனங்களை நெருக்கமாக நட்டு ஒரு வேலி எழுப்ப வேண்டும். தாய்மரங்கள் பக்கத்தில் இருந்து, கொண்டைக்குருவிகளும் பழம் தின்னும் வௌவால்களும் வந்து போகும் இடம் என்றால் ஒன்றும் நடாமல் களையை மட்டும் அடக்கிவைத்தாலே போதும். இந்தக் கடைசி வழியை யாரும் விரும்புவதில்லை, படம் எடுக்க அதில் எதுவும் இல்லை.

பத்துச் செடிகளையாவது பெயர் சொல்லத் தெரிய வேண்டும்

தாவரவியல் பட்டம் தேவையில்லை. ஐந்து வேண்டியவை, ஐந்து வேண்டாதவை தெரிந்தால் முதல் ஆண்டுக்குத் தாராளம். தவறான செடியைப் பிடுங்குவது களையை விட்டுவைப்பதைவிடக் கேடு என்பதால் இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள்.

காப்பாற்ற வேண்டியவற்றில் மகாங் மரத்தைத் தண்டில் ஓடும் எறும்புகளாலும் அகன்ற இலையாலும் அறியலாம், எல்லா மகாங்கிலும் எறும்பு இருக்காது என்றாலும். சிம்போ ஆயர் பெரிய இலையும் மஞ்சள் பூவுமாக ஓரங்களில் நிற்கும். தியூப் தியூப் ஆண்டு முழுதும் பூக்கும், வௌவால்களுக்குச் சாப்பாடு. தெம்புசு மரத்தைத் தெரியாது என்று எந்தச் சிங்கப்பூரரும் சொல்ல முடியாது, ஐந்து வெள்ளி (டாலர்) தாளில் இருக்கிறது. ஐந்தாவதாகச் செராயாவின் நாற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். முழங்கால் உயர நாற்று ஒன்றைச் சருகுக்கிடையில் சொந்தமாகக் கண்டுபிடிக்கும்வரை அந்த மரத்தை நீங்கள் அறியவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

வேண்டாதவை: மிக்கானியா கொடி, சான்சிபார் வள்ளிக்கொடி, கிளிடீமியா குறுஞ்செடி, அல்பீசியா, பழைய கிராமத் தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய அலங்காரச் செடிகள். இந்தக் கடைசி வகையில் நம் வரவேற்பறைச் செடிகள் பலவும் அடங்கும்.

பெயர் தெரியாததை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படம் எடுத்துப் போடுங்கள். இலையின் மேல்புறம், அடிப்புறம், தண்டு என்று மூன்று படமாவது வேண்டும். ஒரே ஒரு மங்கலான படத்தைப் போட்டுவிட்டுப் பதில் வரவில்லை என்று வருந்த வேண்டாம்.

எங்கே, எப்படிச் சேர்வது

சொந்தமாக மண்வெட்டியோடு காட்டுக்குள் போவது கூடாது. இயற்கை வனப்பகுதியில் அனுமதியின்றிச் செடியை வெட்டினாலோ எடுத்தாலோ 50,000 வெள்ளிவரை அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. நல்லெண்ணத்தோடு மாங்கன்று கொண்டுபோய் நடுபவரும் விதிவிலக்கல்ல. மா இந்தக் காட்டுக்குச் சொந்தமான மரமா என்பது ஒருபுறம், எந்த நாற்று எங்கே வைக்கப்பட்டது என்ற கணக்கே குழம்பிவிடும்.

வழி, தேசியப் பூங்காக் கழகத்தின் தொண்டூழியர் திட்டங்கள். கழகம் 2019ல் பத்தாண்டுக் காடு மீட்புத் திட்டத்தை வெளியிட்டது. இயற்கை வனப்பகுதிகளிலும் அவற்றைச் சுற்றியுள்ள இயற்கைப் பூங்காக்களிலும் 250,000 உள்ளூர் மரங்களையும் குறுஞ்செடிகளையும் நடுவது அதன் இலக்கு. 2020ல் தொடங்கிய ஒரு மில்லியன் மரங்கள் இயக்கம் நகர்ப்புறத்தையும் சேர்த்துக்கொண்டது. நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: களை எடுத்தல், நாற்றங்கால் வேலை, கண்காணிப்பு ஆகியவற்றில் தொடர்ந்து வரக்கூடிய குழு எது? ஒருநாள் நிகழ்ச்சியில் போய்ச் சேர்ந்தாலும் அங்கே இருக்கும் அதிகாரியிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள். தமிழ்ப் பள்ளி முன்னாள் மாணவர் குழுவோ கோயில் இளையர் அணியோ சேர்ந்து பதிவு செய்வதானால், முப்பது பேராகப் போவதைவிட எட்டுப் பேராகப் போங்கள். சரிவில் முப்பது பேர் நடந்தாலே மண் இறுகிவிடும்.

உடுப்பும் பையும்

நீளக்கை, நீளக்கால், முரட்டுக் காலணி, தோட்டக் கையுறை, கொசு மருந்து, ஒன்றரை லிட்டர் தண்ணீர். பிரம்புக் கொடி முள்ளும் நிபோங் பனையின் ஊசிகளும் மெல்லிய துணியைக் கிழித்துவிடும். ரெங்காஸ் வகை மரங்களின் கறுத்த பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும், ஆகவே தெரியாத மரத்தில் சாய வேண்டாம். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட வேண்டாம், குரங்குகள் அதைச் சாப்பாடு என்றே எடுத்துக்கொள்கின்றன. இடி முழங்கினால் வேலையை நிறுத்திவிட வேண்டும். உலகிலேயே மின்னல் அதிகம் விழும் இடங்களில் ஒன்று இது, குழுத்தலைவர் போகலாம் என்றால் பாதிக் குழியானாலும் போட்டுவிட்டு நகருங்கள்.

களை எடுத்தல்: உண்மையான வேலை

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை இதற்கு ஏற்றது. ஈர மண்ணில் வேர் முழுதாக வரும்.

கிளிடீமியாவில் தொடங்குங்கள். இலையில் மயிர் படர்ந்திருக்கும், நரம்புகள் அடியிலிருந்து முனைவரை வளைந்து ஓடும், பழம் கருநீலம். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த இது நிழலைத் தாங்கும் என்பதுதான் ஆபத்து. பெரும்பாலான களைகள் காடு இருண்டதும் தோற்றுப்போகும், இது உள்ளே புகுந்து செராயா நாற்றின் இடத்தில் உட்கார்ந்துவிடும். அடித்தண்டைப் பிடித்து நேராக மேலே இழுங்கள். பழம் இருந்தால் முதலில் பழத்தைப் பையில் சேர்த்துவிட்டுப் பிறகு செடியைத் தொடுங்கள், இல்லாவிட்டால் உலுக்கி விதைத்துவிடுவீர்கள். பிடுங்கியதை வேர் மண்ணில் படாதபடி கிளை கவட்டில் மாட்டிவிடலாம்.

கொடிகளுக்கு வேறு முறை. மரத்தின்மேல் ஏறிய மிக்கானியாவைக் கீழிருந்து இழுக்கத் தோன்றும். இழுக்காதீர்கள், கிளையோடு வரும். இடுப்பு உயரத்தில் ஒரு வெட்டு, தரையோரத்தில் ஒரு வெட்டு, இடைத்துண்டை எடுத்துவிடுங்கள். மேலே இருப்பது தானாகக் காய்ந்து உதிரும். தரையில் ஓடும் பகுதியைக் கணு கணுவாகத் தேடி எடுக்க வேண்டும், ஒரு கணு மிஞ்சினாலும் வேர்விடும். பாராங் கத்தியைக் குழுவில் பழகியவரிடம் விட்டுவிட்டுக் கத்தரியோடு இருங்கள். களை எடுக்கும் அவசரத்தில் உள்ளூர்க் காட்டுக்கொடிகளையும் வெட்டிவிடுபவர்கள் உண்டு. முதிர்காட்டில் கொடி இருக்கத்தான் செய்யும், அணில்களும் குரங்குகளும் அதன்மேல்தான் போக்குவரத்து நடத்துகின்றன.

சான்சிபார் வள்ளி இவற்றில் மிகப் பொல்லாதது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இலைக்காம்புகளின் இடுக்கில் சிறு கிழங்குகள் காய்த்து உதிரும், ஒவ்வொன்றும் ஒரு புதுக்கொடி. கொடியை வெட்டுவது பாதி வேலை. தரையில் சருகைக் கிளறி அந்தக் கிழங்குகளைப் பொறுக்குவதுதான் மீதி. முதுகு வலிக்கும். குழந்தைகள் இதில் பெரியவர்களை மிஞ்சிவிடுவார்கள், தரைக்கு அருகில் இருக்கிறார்கள் அல்லவா. பொறுக்கியதைக் காட்டிலேயே குவித்துவிட்டு வந்தால் பொறுக்காததற்குச் சமம். மூட்டையாகக் கட்டி வெளியே கொண்டுவர வேண்டும்.

அல்பீசியா உங்கள் வேலை இல்லை. முப்பது மீட்டருக்கு மேல் போகும், கிளைகள் எளிதில் முறியும், ஒப்பந்தக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டினால் வெயில் திடீரென்று தரைக்கு இறங்கிக் கொடிகளுக்குத்தான் கொண்டாட்டம். அதனால் பகுதி பகுதியாகக் குறைப்பதே நல்லது.

காட்டைச் சுத்தமாக வைத்திருக்கும் நம் வீட்டுப் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். விழுந்து மக்கும் மரம் குப்பை ஆகாது. 1854ல் இங்கே தங்கிய இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், புக்கிட் தீமாவில் சுமார் இரண்டு மாதத்தில் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். மரம் வெட்டுபவர்கள் விட்டுப்போன உலர்ந்த தண்டுகளும் பட்டைகளும் மரத்தூளும்தான் அந்த வேட்டைக்குக் காரணம்.

இப்போது நடலாம்

செராயா குடும்பத்து மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பல இனங்கள் ஒன்றாகப் பூத்துக் காய்க்கும். சிறகு முளைத்த விதைகள் சுழன்று விழும், பெரும்பாலும் தாய்மரத்துக்குப் பக்கத்திலேயே. அவற்றை விதைநெல்லைப் போல எடுத்து வைக்க முடியாது, சில வாரங்களில் உயிர் போய்விடும். ஆகவே காய்த்த பருவத்தில் நாற்றங்காலில் முளைக்க வைத்து வளர்த்த நாற்றுகள்தான் உங்கள் கைக்கு வருகின்றன. ஒன்றைக் கீழே போட்டு உடைத்தால் அடுத்ததற்குப் பல ஆண்டு காத்திருக்க வேண்டி வரலாம்.

ஆண்டின் இறுதி மாதங்கள் நல்ல பருவம். வடகிழக்குப் பருவமழை நனைத்துக்கொண்டிருக்கும். பிப்ரவரியில் வறட்சி வருவதற்குள் வேர் ஊன்ற வேண்டும்.

குழியை வேர்ப்பந்தைவிட இரண்டு மடங்கு அகலமாகவும், ஆழத்தில் பந்தின் உயரம் மட்டும் இருக்குமாறும் சங்குலால் (மண்வெட்டியால்) வெட்டுங்கள். மேல்மண்ணை ஒருபுறம், அடிமண்ணை மறுபுறம் போடுங்கள். பையைக் கிழித்து எடுங்கள், உருவாதீர்கள். வேரைச் சுற்றிய மண் உதிரக் கூடாது, செராயாவின் வேரோடு கூடி வாழும் பூஞ்சை இழைகள் அந்த மண்ணில்தான் இருக்கின்றன. தண்டும் வேரும் சேரும் கழுத்து தரைமட்டத்தில் இருக்க வேண்டும். ஆழமாகப் புதைத்தால் அழுகும். மேல்மண்ணை முதலில் தள்ளிக் கையால் அழுத்துங்கள், காலால் மிதிக்காதீர்கள். சரிவில் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் சிறு கரை கட்டினால் மழைநீர் நின்று இறங்கும். சருகு மூடாக்குப் போடும்போது தண்டைச் சுற்றி ஒரு கை அகலம் இடைவெளி விடுங்கள்.

வரிசை பிடிக்க வேண்டாம். நம் ஆட்கள் கயிறு பிடித்து நடுவதில் கெட்டிக்காரர்கள், தோட்டத்தில் பழகிய கை அது. காட்டுக்கு அது வேண்டாம். முகட்டுக்குச் சொன்ன இனத்தைப் பள்ளத்தில் வைக்காமல், நாற்றின் சீட்டில் குறித்துள்ள இடத்திலேயே வையுங்கள். ஓடையில் இறங்கிக் கை கழுவ வேண்டாம். சிங்கப்பூரில் மட்டுமே வாழும் நன்னீர் நண்டு ஒன்று புக்கிட் தீமாவின் சிற்றோடைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கலங்கிய வண்டல் அதற்கு ஆகாது.

அதற்குப் பிறகு

திரும்பப் போங்கள். நாற்றின் அடையாள எண், உயரம், புதுத்தளிர் உண்டா, கடித்திருக்கிறதா, கொடி ஏறியிருக்கிறதா என்று ஒரு தாளில் குறிப்பதுதான் கண்காணிப்பு. மரம் பெருத்த பிறகு தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுப்பார்கள். செத்த நாற்றையும் எழுத வேண்டும். செத்ததை மறைத்து எழுதிய தாளால் யாருக்கும் பயனில்லை. எந்தச் சரிவில் எது சாகிறது என்பதை வைத்துத்தான் அடுத்த ஆண்டு நடுவது மாறும். காட்டுப்பன்றி கிளறிய இடங்களைத் தனியாகக் குறியுங்கள், கம்பி வலை போட வேண்டுமா என்று முடிவெடுக்க அது உதவும்.

விடுமுறையில் ஊருக்குப் போகும்போது

இங்கே கற்றதை அப்படியே நீலகிரிக்கோ பழனி மலைக்கோ எடுத்துச் செல்ல நினைப்பவர்கள் சற்று நிற்கவும். அங்கே உயரத்தில் சோலைகளும் புல்வெளிகளும் கலந்தே இயல்பான நிலம். பள்ளங்களில் சோலை, மேடுகளில் புல். குறிஞ்சி பூப்பது அந்தப் புல்மேடுகளில்தான். அங்கே மரம் நடுவதே கெடுதலாகிவிடலாம். சீகை (வாட்டில்) மரங்களையும் தைல மரங்களையும் பைன்களையும் நட்டுத்தான் புல்வெளிகள் பறிபோயின. சீகைப் பட்டை தோல் பதனிட உதவும் என்று கொண்டுவரப்பட்டது. இங்கே காம்பியருக்குக் காட்டை அழித்ததும் பெரும்பாலும் அதே தொழிலுக்காக. இரண்டு மலைகளும் செருப்புக்குப் போனவை என்று சொன்னால் மிகையாகாது.

உங்களுக்கு நெருக்கமான பாடம் வேண்டுமானால் வால்பாறைக்குப் போங்கள். அங்கே தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே எஞ்சிய மழைக்காட்டுத் துண்டுகளை நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் தோட்ட நிறுவனங்களின் ஒத்துழைப்போடு 2000களின் தொடக்கத்திலிருந்து மீட்டு வருகிறது. களை எடுத்து, உள்ளூர் நாற்றங்காலில் வளர்த்த பல இன நாற்றுகளைக் கலந்து நடும் அந்த முறை நம் ரப்பர் நிலத்துக்கும் பொருந்தும்.

ஒன்றை மட்டும் விமானம் ஏறுமுன் செய்துவிடுங்கள். காலணியின் அடிப்பள்ளங்களைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவையுங்கள். கிளிடீமியாவின் விதை மணல் போலச் சிறியது, ஒட்டிய சேற்றோடு அது எந்த ஊருக்கும் வரும்.